டெய்லரம்மாவின் பார்வை

டெய்லரம்மாவின் படம் முக்கால்வாசி முடிந்து, பல நாளாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. ஓவியக்காரிதான் அப்படித் திருப்பி வைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

இதுதான் குறை என்று யாரும் விரல் வைத்துச் சொல்லிவிட முடியாது. மூக்கு டெய்லரம்மாவின் மூக்கு, நெற்றி அவருடைய நெற்றி. ஆனாலும் படம் வரையச் சொன்ன அவருடைய மூன்று பிள்ளைகளும் வந்து பார்த்துவிட்டு ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "எல்லாம் சரிதான் மேடம். ஆனா அம்மா இல்ல." அப்புறம் என்னதான் வேண்டும் என்று கேட்டால் மூன்று பேருக்கு மூன்று வாய். பெரியவன் கன்னம் என்றான், மகள் உதடு என்றாள், சின்னவன் ரொம்ப யோசித்துவிட்டு, "கொஞ்சம் கோபம் பத்தலையோ" என்றான். கோபத்தை எந்த ட்யூபில் விற்கிறார்கள் தம்பி என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

ஒற்றைத் தையல் மெஷினை வைத்து மூன்று பிள்ளைகளையும் கரையேற்றிய அம்மா அவர். போன வருஷம் கண்ணை மூடினார். பிள்ளைகள் இப்போது பெரிதாக ஒரு துணிக்கடை கட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் எதிரே தெரியும் சுவர் அம்மாவின் படத்துக்கு. வெள்ளிக்கிழமை திறப்பு. பெரியவன் கெட்டவன் இல்லை, ஆனால் வியாபாரி. "முடிஞ்சா பாருங்க மேடம். இல்லன்னா அம்மா ஃபோட்டோவப் பெருசு பண்ணி வச்சிருக்கோம், அதையே மாட்டிடறோம்" என்று சொல்லிவிட்டான்.

ஃபோட்டோ என்ற சொல்தான் அவளைச் சுட்டது. இதுநாள்வரை பள்ளிக்கூடச் சுவர்களில் யானையும் ஆப்பிளும் வரைந்தவள். ஒரு மனுஷியின் முகத்தை நம்பி ஒருவர் அவள் கையில் கொடுத்தது இதுதான் முதல் தடவை. இதுவும் கைநழுவிப் போனால் ஆயுசுக்கும் ஆப்பிள்தான்.

அவளுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. எந்த முகமானாலும் கண்ணில்தான் ஆரம்பிப்பாள். அந்தக் கண் எதிரே நிற்பவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். யானைக்கும் அதே சட்டம். கண் அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவள் கட்சி. இந்தப் படத்திலும் கண்ணைத்தான் முதலில் முடித்திருந்தாள், அதை எல்லாரும் மெச்சவும் செய்தார்கள்.

புதன்கிழமை காலை, மனசு கேட்காமல் படத்தைத் திருப்பி வைத்து, டெய்லரம்மாவின் கழுத்தில் தொங்கும் அளவு டேப்புக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். வாயில் ஒரு பிரஷ், கையில் ஒரு பிரஷ். நாத்தனார் டீயோடு வந்து நின்றாள்.

"அண்ணி, டீ."

"ம்ம்."

"ஆறிடும்."

"ம்ம்."

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "உங்ககிட்ட பேசறதுக்கு இந்த ஸ்டூல்கிட்ட பேசலாம். வேலையில உக்காந்தா மனுஷங்க மூஞ்சியப் பாக்கவே மாட்டீங்க. எங்க அண்ணன் எப்படித்தான் குடும்பம் நடத்துதோ."

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்திருக்கும். அன்று ஓவியக்காரி வாயிலிருந்த பிரஷை மெதுவாக எடுத்தாள். பிள்ளைகள் கொடுத்த ஃபோட்டோக்கள் எல்லாம் கல்யாணம், பிறந்தநாள் என்று டெய்லரம்மா சும்மா உட்கார்ந்திருந்தபோது எடுத்தவை. வாழ்நாளில் சும்மாவே இராத ஒருத்தரின் சும்மா இருந்த முகத்தையா இத்தனை நாள் வரைந்துகொண்டிருந்தோம்? உடனே டெய்லரம்மாவின் மகளுக்கு ஃபோன் போட்டாள்.

"உங்க அம்மா உங்ககிட்ட பேசும்போது எங்க பாப்பாங்க?"

மறுமுனையில் சிரிப்பு. "மூஞ்சியப் பாத்ததே இல்ல மேடம். தோளத்தான் பாப்பாங்க. பரீட்சையில முதலா வந்தேன்னு ஓடிப்போய்ச் சொன்னா, தையல் பிரிஞ்சிருக்கு பாருன்னுவாங்க. அதுவும் வாயில குண்டூசியோட. பாதி வார்த்தைய நாமளா ஊகிச்சுக்கணும்."

டீ ஆறியே போனது. எல்லாரும் மெச்சிய அந்தக் கண்ணை அவள் கத்தியால் சுரண்டி எடுத்தாள். புதிதாக வரைந்த கண்ணின் பார்வை, எதிரே நிற்பவரின் முகத்துக்கு வரவில்லை. ஒரு சாண் கீழே இறங்கித் தோளில் நின்றது. புருவம் நெரிந்தது. உதட்டோரத்தில் நாலு குண்டூசி. தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. அந்தப் பயம் தித்தித்தது.

வெள்ளிக்கிழமை வேனில் படத்தை ஏற்றும்போது டெய்லரம்மாவின் கைகள் இன்னும் வெறும் கரிக்கோடுதான். கடையில் ஏணி போட்டு ஒருவர் ஃபோட்டோவுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"கை முடியல. முடிக்க நேரமில்ல" என்றாள் பெரியவனிடம். "ஆனா ஒருதடவ பாத்துடுங்க." துணியை விலக்கினாள்.

பெரியவன் கணக்கு மேசையே கதியென்று கிடந்து, தோள் கூனி, தொப்பை வைத்துப்போன ஆள். பார்த்தான். அவன் முதுகு மெல்ல நிமிர்ந்தது. தோள் பின்னால் போனது, தொப்பை உள்ளே போனது, கை தானாக மேலே வந்து காலரைச் சரிசெய்தது. அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய சின்னவனும் பாதிச் சிரிப்பில் நிமிர்ந்துவிட்டான்.

"ஏண்ணா இப்படி விறைச்சுக்கிட்டு நிக்கிற?" என்றாள் தங்கை. அவள் குரல் உடைந்திருந்தது.

"சும்மா இரு" என்றான் பெரியவன், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அம்மா அளவெடுக்கறாங்க."

ஏணிமேல் இருந்தவர் யாரும் சொல்லாமலே ஃபோட்டோவைக் கீழே இறக்கினார். ஜெயித்துவிட்டோம் என்று ஓவியக்காரிக்கு அந்தக் கடை அதிரக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. "திறப்பு முடிஞ்சதும் எடுத்துட்டுப் போய் அந்தக் கையை முடிச்சுத் தந்துடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

"அதெல்லாம் வேணாம் மேடம்" என்றான் பெரியவன், இன்னும் நிமிர்ந்தபடியே. "ஏணி தர்றோம், நீங்க மேலயே வச்சு முடிங்க. அம்மாவ இனிமே இறக்க விடமாட்டோம்."