ஆணி அடிக்காத ஏழு மாதம்

என் வீட்டுக்காரருக்குச் சுத்தியல் என்றால் உயிர். மற்ற ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கப் போவார்கள், சீட்டாடுவார்கள், ஒன்றுமில்லாவிட்டால் குறட்டை விட்டுத் தூங்குவார்கள். இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு, வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவார். வாரம் முழுக்க ராபிள்ஸ் பிளேஸில் ஒரு கப்பல் கம்பெனியில் காகிதம் எழுதுகிற மனுஷர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் கை எதையாவது அடித்தே ஆகவேண்டும். நல்லவேளை, பலகையோடு நிறுத்திக்கொண்டார்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால், கால்வாயைத் தாண்டினால் எங்கள் வீடு. நிலம் வேறொருவருடையது, வீடு எங்களுடையது. பலகைச் சுவர், தகரக் கூரை. "சிங்கப்பூர்ல ஏதுங்க காலநிலை, வருஷம் பூரா ஒரே மாதிரிதானே" என்று புதிதாக வந்தவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பலகை வீட்டில் ஒரு வருஷம் குடியிருந்து பார்த்துவிட்டுப் பேசட்டும். பிப்ரவரி வெயிலில் பலகை சுருங்கி, அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று பார்க்கிற அளவுக்கு இடுக்கு விடும். ஏப்ரலில் இடி இடித்துக் கொட்டினால் அதே பலகை ஊதிப்போய், சாத்திய கதவு திறக்காது. அப்புறம் சுமத்ரா காற்று. விடியற்காலையில் திடீரென்று வந்து, தகரத்தைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போகும். டிசம்பரில் மழை பிடித்தால் மூன்று நாள் நிற்காது. ஒவ்வொரு மாதத்துக்கும் இவர் ஒரு வேலை வைத்திருந்தார். எங்கள் வீடு நின்றதே இவர் அடித்த ஆணிகளால்தான்.

அப்படிப்பட்ட மனுஷர் ஐம்பத்தேழாம் வருஷம் மே மாதத்திலிருந்து டிசம்பர் வரை ஒரே ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. காரணம் நான். நான் முழுகாமல் இருந்தேன்.

சொல்லிவிடுகிறேன், அது எனக்கு மூன்றாவது தடவை. முதல் கரு நாலாவது மாதம் போய்விட்டது. இரண்டாவது ஏழாவது மாதம். முதலாவதற்கு, "பூவம்மா தண்ணிக் குடத்தைத் தூக்கினா" என்றார்கள். இரண்டாவதற்கு, கிரகணத்தன்று நான் வாசலுக்கு வந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் நான் என்ன தப்புச் செய்தேன் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுத்தான் காப்பி குடித்தார்கள். இவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இவர் சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனவே இந்தத் தடவை, இவருடைய அக்கா கண்மணி பிடோக்கிலிருந்து பஸ் ஏறி வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே சட்டம் போட்டுவிட்டார்.

"தம்பி, இன்னையிலேருந்து இந்த வீட்டுல ஆணி அடிக்கிற சத்தம் கேக்கக் கூடாது. மாசமா இருக்குற வீட்டுல ஆணி அடிச்சா அந்த அடி வயித்துப் புள்ளைக்குத்தான் விழும். அடிச்சவங்களைத்தான் அந்தப் பாவம் சேரும். ஆமா, சொல்லிட்டேன்."

"ஸ்க்ரூ முடுக்கலாமா அக்கா?" என்று இவர் பவ்வியமாகக் கேட்டார்.

"ஓட்டை போடுற எதுவும் கூடாதுடா!"

எனக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. "அப்படிப் பார்த்தா சாலையில தார் போடுறவன், கப்பல் கட்டுறவன் வீட்டுலயெல்லாம் புள்ளையே பொறக்கக் கூடாதே அண்ணி" என்றேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் பாலே திரிந்திருக்கும். பக்கத்து வீட்டு உம்மு சல்மா அக்காவிடம் நியாயம் கேட்கப் போனால், "அது சரிதாம்மா, எங்க ஆளுங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவும் தலையாட்டினார். இவர் ஆபீஸ் நண்பர் ஒருவருக்காகச் சீனன் கடையில் ஆணி வாங்கப் போனபோது, கடைக்காரர், "உன் சம்சாரம் வயிறு பெரிசா இருக்கு, தா போலே, கூடாது" என்று சொல்லி ஆணிப் பெட்டியை மூடியே விட்டாராம். வேறு எதிலும் இந்த ஊர் இப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டைப் பார்க்க வேண்டுமே! ஜூனில் சமையலறைக் கதவின் கீல் கழன்றது. இவர் கயிற்றால் கட்டினார். ஜூலையில் ஜன்னல் பலகை தொங்கியது. என் பழைய புடவையைக் கிழித்து அதற்கு ஒரு கட்டு. வாசல் படியில் ஒரு பலகை உடைந்தது. கீழே செங்கல் வைத்து முட்டுக்கொடுத்தார். செப்டம்பரில் சுமத்ரா காற்று கூரையின் பின்பக்கத் தகரத்தைத் தூக்கிவிட்டது. தெருமுனையில் லாரி பழுது பார்க்கிற அப்துல் அலீம் பட்டறையிலிருந்து இரண்டு பழைய லாரி டயரை உருட்டிக்கொண்டு வந்து, கூரைமேல் ஏற்றி வைத்தார். ஓட்டை விழுந்த இடத்தில் சாக்குத் துணியைத் தாரில் முக்கி ஒட்டினார். வீடு பஸ்ஸில் அடிபட்டுக் கட்டுப்போட்டுக்கொண்ட ஆள் மாதிரி நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். கையை என்ன செய்வதென்று தெரியாமல், வீட்டைச் சுற்றி நடப்பார். நீட்டிக்கொண்டிருக்கிற ஆணித் தலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, "ஆடுதா?" என்று கேட்பார். "ஆடுது, ஆடுது, உங்க கூரையைவிட நல்லாவே ஆடுது" என்பேன். அதற்கு ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்காக நான் ஓட்டைக் கூரைக்குக் கீழே எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருப்பேன்.

டிசம்பர் வந்தது. எனக்கு நாள் குறித்திருந்தது ஜனவரி முதல் வாரம். ஒரு வியாழக்கிழமை மழை பிடித்தது. வெள்ளிக்கிழமையும் விடவில்லை. சனிக்கிழமை காலை இவர் குடையோடு ஆபீசுக்குப் போனார். அரை நாள்தான், இரண்டு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பத்து மணிக்குக் காற்று திரும்பியது. பின்பக்கத் தாழ்வாரத்துத் தகரம் ஒன்று, இவர் போட்ட கயிறு அறுந்து, டமார் டமார் என்று அடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைச் சொல்லி முடியாது. என் மண்டைக்குள்ளேயே அடிக்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு தடவை தகரம் தூக்கும்போதும் ஒரு வாளித் தண்ணீர் உள்ளே விழுந்தது. அரிசி டின்னை நகர்த்தினேன். பிள்ளைக்கென்று துவைத்து மடித்து வைத்திருந்த துணியெல்லாம் நனைந்தது. அந்தத் துணி நனைந்ததைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! ஏழு மாதம் பொறுத்தது போதும் என்று தோன்றிவிட்டது.

தாழ்வாரத்துக் கூரை தாழ்வானது. முக்காலியில் ஏறினால் கை எட்டும். சுத்தியலை இவர் கட்டிலுக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்தார். எடுத்தேன். முக்காலியில் ஏறி, ஒரு கையால் தகரத்தை அமுக்கிப் பிடித்து, மழையில் நனைந்துகொண்டே நாலு ஆணி அடித்தேன். ஒன்று கோணிப்போனது, மூன்று நன்றாக இறங்கின. சத்தம் நின்றது. எவ்வளவு நிம்மதி! இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப என்ன ஆச்சாம்?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டேன்.

ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலி எடுத்தது.

முதலில் நான் நம்பவில்லை. மூன்று வாரம் இருக்கிறதே, சூட்டு வலியாக இருக்கும் என்று சீரகத் தண்ணீர் குடித்தேன். மணி ஒன்றாகியும் வலி போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து வயிற்றின்மேல் கையை வைத்தேன். வழக்கமாக உதைக்கிற நேரம். உதைக்கவில்லை. தட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நம்பிக்கை இல்லை, நம்பிக்கை இல்லை என்று ஏழு மாதமாக வாய் கிழியப் பேசியவள், அந்த நிமிஷத்தில் முழுக்க நம்பினேன். நாலு ஆணியும் என் பிள்ளைமேல் விழுந்துவிட்டது என்றே நம்பினேன். "ஐயோ, என் கையாலயே" என்று கத்திவிட்டேன். சத்தம் கேட்டு உம்மு சல்மா அக்கா ஓடிவந்தார்.

நல்லவேளையாக அப்போதே இவரும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். டாக்சியில் ஏற்றினார்கள். கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி நடந்தே போகிற தூரம்தான், ஆனால் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். வண்டி ஊர்ந்துகொண்டு போனது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"நான் ஆணி அடிச்சுட்டேங்க."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஏதாவது சொல்வார், திட்டுவார் என்று பார்த்தேன். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். என் கையை மட்டும் விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, உள்ளே இடம் ஆகும்வரை நடையில் நிறுத்தியிருந்தார்கள். அப்போதுதான் அண்ணி வந்தார். சனிக்கிழமைதோறும் எனக்குச் சமைத்து எடுத்துக்கொண்டு வருவது அவர் வழக்கம். வீட்டுக்குப் போயிருக்கிறார், உம்மு சல்மா அக்கா எல்லாம் சொல்லியிருக்கிறார். ஆணிச் சத்தம் கேட்டதையும் சேர்த்துத்தான்.

"யாருடா ஆணி அடிச்சது?" அண்ணியின் குரல் நடை முழுக்கக் கேட்டது. "பாலகிருஷ்ணா, உன்னைத்தான் கேக்குறேன். வீட்டுல ஆணி அடிச்சது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். சரியாக அப்போது வலி வந்து என் பேச்சை அடைத்தது.

"நான்தான் அக்கா" என்றார் இவர்.

"நீயா?"

"நான்தான். காலையில ஆபீஸ் போறதுக்கு முன்னாடி நான்தான் அடிச்சேன். பூவம்மா வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல."

அண்ணி கையிலிருந்த சாப்பாட்டு அடுக்கைத் தரையில் வைத்துவிட்டு, இவர் தோளில் பட்டென்று ஓர் அடி வைத்தார். முப்பத்திரண்டு வயது ஆளை, அத்தனை பேர் பார்க்க! இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

உள்ளே நடந்ததை நான் சொல்லப்போவதில்லை, பெற்றவர்களுக்குத் தெரியும். ஆறு மணிக்குப் பிறந்தாள். பிறந்ததும் அழவில்லை. நர்ஸ் அவளைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்பது எண்ணும்வரை நான் செத்துப் பிழைத்தேன். பத்துக்கு அழுதாள். என்ன அழுகை! அம்மாவின் கோபம் அப்படியே மகளிடம் வந்திருந்தது.

மறுநாள் பார்வை நேரத்தில் இருவரும் வந்தார்கள். அண்ணி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அதன் மூக்கையும் காதையும் கொஞ்சினார். கொஞ்சலுக்கு நடுநடுவே இவரைத் திட்டினார். "என் தங்கம், என் ராசாத்தி... அறிவு கெட்டவனே, இந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா என்னடா பண்ணியிருப்பே? ...என் செல்லக் குட்டி." பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி" என்று ஆரம்பித்தேன். இவர் போர்வைக்கு மேலாக என் காலை அழுத்தி, வேண்டாம் என்று தலையாட்டினார்.

அண்ணி வெந்நீர் வாங்கப் போனதும் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"விடு."

"விட மாட்டேன். சொல்லுங்க."

அவர் பிள்ளையின் விரலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு தடவையும் உன்னைத்தானே சொன்னாங்க. நான் பக்கத்துலயே நின்னேன், வாயைத் திறக்கல. மூணாவது தடவையும் கேட்டுக்கிட்டு நிக்க என்னால முடியாது பூவம்மா."

அழுகை வராமல் சமாளிக்கச் சிரித்தேன். "அப்போ நீங்களும் இதையெல்லாம் நம்பல. ஏழு மாசமா அக்காவுக்குப் பயந்துதான் சும்மா இருந்தீங்க, இல்ல?"

"யார் சொன்னா? நம்பினேன். இப்பவும் நம்புறேன்."

"அடிச்சவங்களைத்தான் பாவம் சேரும்னு அண்ணி சொன்னாங்களே, அதையுமா?"

"ம்."

"நம்பிக்கிட்டேவா நான்தான்னு சொன்னீங்க?"

"புள்ள இன்னும் பொறக்கல. எந்த நேரம் என்ன ஆகும்னு தெரியல. தேடிக்கிட்டு வர்றது எதுவா இருந்தாலும் நேரா என்கிட்ட வரட்டும், உங்க ரெண்டு பேரையும் விட்டுடட்டும்னு தோணுச்சு. அதான் சத்தமா சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்தையும் அழுகையையும் எந்தப் பக்கம் தள்ளுவதென்று தெரியவில்லை. "நல்ல ஆளு லா நீங்க" என்றேன். அத்தனை கட்டில்காரிகளும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கையை இழுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.