பூட்டிய பிழைப் பக்கம்

1

"ஏனுங்க மாமா, நான் எழுதுனதை யாரும் படிக்க முடியாம பூட்டிட்டீங்களா?"

"சரிபண்ணீட்டுத் தொறந்துக்கலாம் அம்மணி. ஊரே பாக்கோணுமாக்கும்?"

"ஊரே பாக்கத்தானுங்க அந்தப் பக்கம்!"

ஜெயபாரதி என்னிடம் சொன்ன இந்தப் பேச்சிலிருந்துதான் கதை வந்தது. பனியன் கம்பெனியில் துணி வெட்டுவதற்கான அளவைக் கணினியில் போடுகிறவள் அவள். அவள் மாமா என்று கூப்பிடும் கணவன் குகன், அந்த அளவுகளைத் துணியில் அடுக்கித் தரும் இலவச மென்பொருளைப் பராமரிக்கும் தன்னார்வலர்களில் ஒருவன். அதை யாரும் திருத்தலாம். பிழை கண்டால் பொதுப் பக்கத்தில் எழுதலாம். எழுதினாள்: 'குழந்தை அளவுக்கு மாற்றினால், துணி சுருங்குவதற்காக விடும் கூடுதல் அளவு காணாமல் போகிறது.' அதைத்தான் குகன் பூட்டிவிட்டான்.

2

குடும்பக் கதை எழுதுகிறவள் நான். முதலில் இப்படித் தொடங்கினேன்: 'குகனின் சட்டைக்கு அவள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது மழை—'

வேண்டாம். கோபத்தில் எனக்கு மழை வராது.

நடந்தது இதுதான். அவள் பிழையைத் தேடிப் போனதே கட்டிங் மாஸ்டர் மகுடேஸ்வரனுக்காக. அவர் வெட்டிய குழந்தைச் சட்டைகள் துவைத்ததும் சுருங்கி, கழுத்தில் தலை நுழையவில்லை. ரோலிலிருந்து பிரித்த துணியை, இழுவை விட்டுச் சுருங்கட்டும் என்று ஒரு நாள் ஆறப்போட்டுத்தான் வெட்ட வேண்டும். அவரும் அப்படித்தான் போட்டிருந்தார். "ஆறப்போடாம வெட்டீட்டான்" என்றார் முதலாளி. எல்லோரும் நம்பினார்கள். வேலை போயிற்று.

ஜெயபாரதி முகவரி கொடுத்த அந்தப் பிழைப் பக்கத்தை மாஸ்டர் முதலாளி முன்னால் செல்போனில் திறந்தார். 'அனுமதி இல்லை' என்று வந்தது.

"இதைக் காட்டத்தான் வந்தயாப்பா?" என்று சிரித்தார் முதலாளி.

அதற்குள் மென்பொருள்காரர்கள் பிழையைச் சத்தமில்லாமல் திருத்தியும் விட்டார்கள். இப்போது கணினியில் எல்லாம் சரி. தப்பு மகுடேஸ்வரனிடம் மட்டும் மிச்சம்.

3

'குகன் நல்லவன்' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். மென்பொருளில் பிழையான அந்த வரி அவன் எழுதியது. பெயர் கெடும் என்று பயந்தான்.*

முடிவு ஒன்று: அவனே மனம் மாறித் திறந்தான். (பொய். ஐந்து மாதமாகத் திறக்கவில்லை.)

முடிவு இரண்டு: அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு... (போனால் மாஸ்டருக்கு என்ன கிடைக்கும்?)

* என் வாசகிகள் அவனை மன்னித்துவிடுவார்கள். நான் பழக்கிய பழக்கம். என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

4

ஐந்து மாதமும் அவள் வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "இன்னொரு இட்லி வைக்கட்டுங்களா?" என்றே கேட்டாள். நேற்றுக் காலை இட்லித் தட்டை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் அவனுடைய மடிக்கணினியை வைத்தாள்.

குகன் என்ன செய்தான் என்று நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் பாடு. அவள் சொன்னது மட்டும் என்னிடம் இருக்கிறது:

"பூட்டைத் தொறங்க மாமா. தப்பு மகுடேஸ்வரன் மாஸ்டர் மேல இல்லீங்க, உங்க வரியிலதான்னு உங்க பேரைப் போட்டு எழுதுங்க. இப்பவே. நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்."