முப்பத்துமூன்றாவது

திருவல்லாவில் ஏலிக்குட்டி சேச்சியின் வீட்டில் ஆள் ஒருத்தி, வைஃபையில் ஓடும் சாமான்கள் முப்பத்திரண்டு. விளக்கு, ஃபேன், கேட், கேமரா, மோட்டார் என்று எல்லாம் குவைத்தில் இருக்கும் மகன் ஜிஜோ வாங்கி அனுப்பியவை. அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே கார் ஷெட் விளக்கை அணைப்பான். அம்மாவுக்கு ஃபோன் போடத்தான் துரைக்கு நேரம் இருக்காது.

இந்தப் பக்கத்து வீடுகளுக்கு இன்டர்நெட் போடுகிறவன் நான். மூன்று மாதம் முன்பு ஜிஜோ சொல்லி ஒரு புது ரவுட்டர் மாட்டினேன். அன்று மாலையே, படுக்கையில் கிடந்த சேச்சியின் கணவர் குரியன் அச்சாயன் இறந்துபோனார். அப்போது சேச்சி அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாராம். அதிலிருந்து யாரைக் கண்டாலும் ஒரே பேச்சுதான்.

"தண்ணி வேணும்னாக்கூட என்னைத்தான் கூப்பிடுவாரு. போறப்ப ஒரு வார்த்தை கூப்பிடலையே, மோனே."

புது ரவுட்டரோ அத்தனை சாமான்களின் பாரம் தாங்காமல் தினம் நாலைந்தைக் கைவிட்டது. சாமான்களுக்கு மட்டும் பழையதைத் தனியாக வைத்துவிடலாம் என்று இன்று காலை போனேன். பரணிலிருந்து எடுத்துத் துடைத்து மாட்டினேன். வைஃபை பெயரை மாற்றச் சோம்பல்பட்டு, அச்சாயன் வைத்த 'குரியன்' என்ற பழைய பெயரிலேயே விட்டேன். முப்பத்திரண்டையும் ஒவ்வொன்றாக அதில் சேர்த்து முடித்தபோது, என் ஃபோன் முப்பத்துமூன்று என்று காட்டியது.

அடுக்களை ஸ்பீக்கரில் அச்சாயன் பேசினார். "ஏலீ, கொஞ்சம் வா."

மறுபடியும் அதே குரல். சேச்சி "இதோ வர்றேன்" என்று கையைத் துடைத்தபடி எழுந்து போய், படுக்கையறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். குரல் விடவில்லை. பதினோரு தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் ஓய்ந்தது.

தலையணை ஓரத்தில், சேச்சியைக் கூப்பிட அச்சாயன் வைத்திருந்த பட்டன் கிடந்தது. அழுத்தினால் அவர் பதிந்து வைத்த குரல் அடுக்களையில் கேட்கும். அதைப் புது ரவுட்டரில் சேர்க்க நான் மறந்திருக்கிறேன். ரவுட்டர் கிடைக்காதபோது அழுத்தியதை அது உள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளும். பழைய பெயரைக் கண்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. அழுத்திய நேரங்களை ஃபோனில் பார்த்தேன். அச்சாயன் இறந்த அன்றைய தேதி, மாலை நான்கு பன்னிரண்டிலிருந்து நான்கு முப்பத்தொன்று வரை.

சரியாக இருக்கிறதா என்று நான்தான் அழுத்திப் பார்த்தேன் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. சேச்சியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"சேச்சி, இது அன்னைக்கு அவர் அழுத்தினது. ரவுட்டர் மாத்தினப்ப இந்த பட்டனை நான் மறந்துட்டேன்."

சேச்சி கட்டிலில் உட்கார்ந்தார். "அப்ப கூப்பிட்டிருக்காரு" என்றார். மூன்று மாதமாகக் காணாத ஒரு தெளிச்சி முகத்தில் வந்தது. எத்தனை தடவை என்று கேட்டார். பதினொன்று என்றேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பட்டனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தெளிச்சி போய்விட்டது.

"கேட்டும் நான் வரலைன்னு நெனச்சிருப்பாரு" என்றார்.