குவைத்திலிருந்து ஐந்து மணித்தியாலம்

செவ்வாய்க்கிழமை விடியக்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த சிவஞானம் பிறகு எழும்பவே இல்லை. மனைவி பாக்கியலெட்சுமி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். லுணுகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தது மகள் ஜீவராணி மட்டும்.

அம்மா ஃபோனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மண்ணுக்குள்ள வைக்க முன்னால நான் மூஞ்சியப் பாக்கணும். வந்து சேர எவ்வளவு நேரமாகும் புள்ள? நீதானே படிச்சவ."

அந்த லயத்தின் முதல் பட்டதாரி ஜீவராணி; படித்தது புவியியல். தூரமும் நேரமும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. கொழும்புக்கு நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பறக்க ஐந்து மணித்தியாலம், கொஞ்சம் கூட; அங்கிருந்து லயத்துக்கு ரோட்டில் எட்டு. "ராத்திரி ஏறுனா நாளைக்கு மத்தியானம் வாசல்ல நிப்பாங்க," என்று தாய்மாமன் ஜெயரூபனிடம் சொன்னாள்.

"கடல் தாண்ட அஞ்சு மணித்தியாலம், கொழும்புல இருந்து இங்க வர எட்டா? நல்ல ரோட்டுதான் போட்டு வச்சிருக்கானுங்க," என்றார் அவர்.

இரவு அம்மாவின் ஃபோன் ஓஃப். காலையிலும் ஓஃப். பறக்கிறாள், இறங்கிவிட்டாள், குவைத் சிம் இங்கே வேலை செய்யாது. ஜீவராணிக்கு எல்லாம் பொருந்தியது.

மண்வெட்டியோடு வந்து நின்றார் மாமா. "நிச்சயமா ஏறிட்டாங்களா? குழிய வெட்டுனா வெறுமனே ராத்தங்க விடக் கூடாது. இன்னொரு உசுரக் கேக்கும்."

"ஏறிட்டாங்க மாமா. வெட்டுங்க."

பத்து மணிக்கு அம்மாவே கோல் எடுத்தாள், குசுகுசுத்த குரலில். "மேடம் ஃபோனப் புடுங்கி வச்சிட்டா. இப்பதான் தந்தா. பாஸ்போட் மேடத்தோட புருஷன்கிட்டயாம். அவரு வெளியூரு, வெள்ளிக்கிழமதான் வருவாராம்."

பாஸ்போட் கிடக்கும் பூட்டிய மேசை லாச்சிக்கும் விமான நிலையத்துக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று கம்பஸில் ஒரு விரிவுரையாளரும் சொல்லித் தரவில்லை. ஜீவராணி இடுகாட்டு மேட்டுக்கு ஓடினாள். குழி முடிந்து, மாமாவும் கூட வெட்டிய மூணு பேரும் வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, அம்மா ஏறல. குழிய மூடுங்க. அப்பாவ வெள்ளிக்கிழம வரைக்கும் வைப்போம்."

"வெறுங்குழிய மூடுறதா? மூடுனாலும் அது உசுரக் கேக்கும். லயத்துல மாசமா ரெண்டு பொம்பளைங்க இருக்காங்க. நீ டிகிரிக்காரி, உனக்குப் பயமில்ல. எங்களுக்கு இருக்கு."

"மடத்தனம் மாமா இது."

அவர் கோபப்படவில்லை. "இருக்கட்டும். ஏறிட்டாங்கன்னு நீதான புள்ள சொன்ன."

அவள் திரும்பி நடந்தாள். வரும் வழியிலேயே அம்மாவுக்குக் கோல் எடுத்தாள்.

"ம்மா, நீங்க ஏறுனீங்களான்னு தெரியாமலே ஏறிட்டீங்கன்னு சொல்லிட்டேன். குழிய வெட்டிட்டாங்க."

அம்மா ஏசவில்லை. அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெட்டியாச்சா? அப்ப வெள்ளி வரைக்கும் வச்சிருக்கக் கூடாது. தூக்கச் சொல்லு. மூஞ்சிய மட்டும் வீடியோல காட்டு."

மூன்று மணிக்குச் சாவுத் தப்பு அடித்தார்கள். ஜீவராணி ஃபோனை அப்பாவின் முகத்துக்கு மேலே பிடித்தாள். சிக்னல் இழுத்தது, அம்மாவின் படம் பாதிக் கண்ணோடு உறைந்துபோனது. சத்தம் மட்டும் வந்தது. சோவென்று தண்ணீர்.

"அங்க என்ன, மழையா?" என்றாள் பக்கத்து வீட்டு ரெங்கம்மா.

"இல்லக்கா. அம்மா அழுகுறது கேட்டா மேடம் ஏசுவாங்க. பைப்பத் தொறந்து விட்டிருக்காங்க."

பாடையைத் தூக்கினார்கள். அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் அரபியில் அதட்டினாள். தண்ணீர் நின்றது. லைனும் கட்டானது.