தீப்தி போட்ட இரண்டு கோடுகள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கழற்றிக் கழற்றி மாட்டியதில் காதே வலித்தது.

காரணம் தீப்தி. இந்த மராத்தி ஊர்ப் பள்ளியில் நான் கணக்கு எடுக்கும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே தமிழ்ப் பெண். தேர்வில் வர்க்கமூலத்துக்குள் x² − 6x + 9 கொடுத்துச் சுருக்கச் சொல்லியிருந்தேன். விடை x − 3. நாற்பது பேர் அதைத்தான் எழுதினார்கள். இவள் மட்டும் இரண்டு பக்கமும் செங்குத்தாக ஒவ்வொரு கோடு இழுத்து |x − 3| என்று எழுதியிருந்தாள். குறியைக் கணக்கில் எடுக்காதே, எண்ணை மட்டும் எடு என்று அந்தக் கோடுகளுக்கு அர்த்தம். நடத்தாத பாடத்தை எழுதும் அதிகப்பிரசங்கித்தனம் என்று பூஜ்யம் போட்டேன். தமிழ்ப் பெண்ணுக்குச் சலுகை என்று ஆசிரியர் அறையில் யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்று, அவள் தாளை எப்போதும் கொஞ்சம் இறுக்கித்தான் திருத்துவேன்.

அந்த இரண்டு மதிப்பெண்ணில் மாநிலக் கணிதப் போட்டி வாய்ப்பு அவள் கையை விட்டுப் போனது. திங்கட்கிழமை பட்டியல் ஒட்டிவிடுவார்கள். தாளை வாங்கிய அன்று, "மேம், என்னோடது ராங் இல்லைன்னு லக்தா ஹை" என்று, தனக்குத் தோன்றியதைப் பாதி இந்தியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கோடு தப்பு" என்று அனுப்பிவிட்டேன்.

ஆனாலும் மனசு அரித்தது. என் கணவர் கோகுல்நாத் ஹிஞ்சேவாடி ஐ.டி. அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த இயற்கணித மென்பொருள் வீட்டுக் கணினியில் இருந்தது. அதனிடம் அந்தக் கணக்கைச் சுருக்கச் சொன்னேன். √((x − 3)²) வரை வந்து அப்படியே நின்றது. மறுபடி தட்டினேன். அதேதான்.

"ஏனுங்க, இதுக்கு ஒம்பதாங் கிளாஸ் கணக்குகூடத் தெரியலையே!"

"சாஃப்ட்வேர்ல ஏதாவது பக் இருக்கும் கிரிஜா, விடு" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

விடவில்லை. அதிலிருந்து x − 3ஐக் கழிக்கச் சொன்னேன். பூஜ்யம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரி, x-க்கு ஐந்து போட்டேன். பூஜ்யம். பத்து போட்டேன். பூஜ்யம். பின்னே அதை முதலிலேயே சொன்னால் என்ன கேடு? ஒன்றுமே புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று போட்டேன். நான்கு என்றது.

காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் கையால் போட்டேன். ஒன்றில் ஆறு போய், ஒன்பது சேர்ந்தால் நான்கு. அதன் வர்க்கமூலம் இரண்டு. என் விடைப்படி, ஒன்றில் மூன்று போனால் மைனஸ் இரண்டு. மூன்று தடவை போட்டும் அதே. தீப்தியின் கோடுகள் இருந்தால்தான் இரண்டு வருகிறது. x மூன்றைவிடச் சிறியதா பெரியதா என்று நான் சொல்லாததால் அந்த மென்பொருள் நின்றிருக்கிறது. நான் நிற்காமல் பன்னிரண்டு வருஷம் இதே விடையைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

தீப்தி வீட்டுக்குப் போன் போட்டேன்.

"நீ எழுதினதுதாம்மா சரி. நாளைக்கு அந்தத் தாளை எடுத்துட்டு வா."

"மேம், கோடு தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க... நான் வைட்னர் போட்டு அந்த ரெண்டு கோட்டையும் அழிச்சிட்டேன்."

வைட்னர் பட்ட தாளை மறுபடி மதிப்பிடக் கூடாது என்பது பள்ளி விதி. காட்டுவதற்கு இனி ஒன்றுமில்லை, என் வாய்ச்சொல்தான் மிச்சம். உங்க ஊர்ப் பொண்ணாச்சே என்று ஆசிரியர் அறையில் சிரிப்பார்கள்.

"தாள் வேண்டாம்மா. தப்பு என்னோடதுன்னு பிரின்சிபால்கிட்ட நானே சொல்றேன்."

"பக்கா, மேம்? கண்டிப்பாவா?"

"பக்கா" என்றேன்.