போயிட்டு வாங்க

பேரலை திரும்பிப் போகும்போது தையல்நாயகி அதைப் பார்த்து "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லுக்கு மரியாதை கொடுக்கிற அலை அது. அதனால் திரும்பி வருவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தது.

உண்மையில் அவள் அலையிடம் சொல்லவில்லை. அன்று காலையில் கோயில் மதில்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். தெருவுக்குள் வந்த அலை வேலையை முடித்துக்கொண்டு கடலுக்குத் திரும்பியபோது, அதன் முதுகில் அவள் புருஷன் அமிர்தலிங்கம் போய்க்கொண்டிருந்தார். தினமும் விடியலில் மீன்பிடிக்கப் போகிறவரை வாசலில் நின்று அப்படித்தான் வழியனுப்புவாள். வாய்ப் பழக்கம். அவருக்குச் சொன்னது அலையின் காதிலும் விழுந்துவிட்டது. வாங்க என்பது ஒருவருக்கு மரியாதையாகவும் இருக்கும், இரண்டு பேருக்குப் பொதுவாகவும் இருக்கும். அலை தன்னையும் சேர்த்துக்கொண்டதில் தப்புச் சொல்ல முடியாது.

அந்தக் கரையில் கடலம்மாவை எல்லாரும் நீ, வா, போ என்றுதான் பேசுவார்கள். பெற்றவளிடம் என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது. பேரலை அப்படியில்லை, அது வெளியூர். எங்கோ ஆழ்கடலுக்கு அடியில் பூமி புரண்டு படுத்ததில் பிறந்து, வழி தேடி வந்த விருந்தாளி. விருந்தாளிக்கு வாங்க, போங்கதான்.

இந்த மார்கழியில் கடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கத் தொடங்கியது. பயணம் கிளம்புகிறவர் வேட்டியை மடித்துக் கட்டுகிற மாதிரி இருந்தது. நண்டுமேட்டுக் குப்பத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. படகுகளை மேட்டுக்கு ஏற்றினார்கள். பிள்ளைகளைப் புயல் பாதுகாப்பு மையத்துக்குக் கூட்டிப்போனார்கள். கரையில் எச்சரிக்கைச் சங்குக் கோபுரம் ஒன்று இருந்தது. அதை யாரும் ஊதவில்லை. வாங்க என்று கூப்பிட்டுவிட்டு, வருகிற நேரத்தில் சங்கு ஊதினால் நன்றாகவா இருக்கும்?

ஊர்த் தலைவர் வைரக்கண்ணு தையல்நாயகியைப் பார்க்க வந்தார்.

"நெல்லக் கொட்டுனா அள்ளிரலாம் தங்கச்சி. நீ சொல்லக் கொட்டிட்டியே."

"அவருக்குத்தாண்ணே சொன்னேன்."

"தெரியும்மா. ஆனா கூப்புட்டாச்சு, ஒரு தடவ வந்துதான் போவும். போறப்போ அது போயிட்டு வர்றேன்னு சொல்லக் கூடாது, நாமளும் வாங்கன்னு சொல்லக் கூடாது. அப்பதான் இது அறும். அப்புடிச் சொல்லாமப் போற எடம் ஒண்ணுதான் இருக்கு."

அவளுக்கும் தெரியும். துக்க வீட்டில் யாரும் போயிட்டு வர்றேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. வந்தவர்கள் பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். வீட்டுக்காரர்களும் வாங்க என்று சொல்வதில்லை, இதற்காக இன்னொரு முறை வர வேண்டாமே என்றுதான்.

ஆனால் அவள் வீடு இன்னும் துக்க வீடாகவில்லை. உடல் கிடைக்காத மனிதருக்கு அவள் எந்தக் காரியமும் செய்யவில்லை. போயிட்டு வாங்க என்று சொல்லி அனுப்பியவர் வரத்தானே வேண்டும், ஒரு அலைக்கு இருக்கிற மரியாதை இவருக்கு இல்லாமலா போய்விடும் என்று இருந்தாள். அவருக்கும் சேர்த்தே உலை வைத்தாள்.

"செத்துட்டாருன்னு நான் சொல்லி, அப்பறம் அவரு வந்து நின்னா என்னண்ணே பண்ணுவேன்?"

பாதுகாப்பு மையத்தில் பிள்ளைகள் கூச்சல் போட்டு விளையாடுவது அங்கேவரை கேட்டது. அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பந்தலப் போடுங்கண்ணே" என்றாள்.

இப்போது சங்கு ஊதலாம். கோபுரத்துச் சங்கு அமிர்தலிங்கத்துக்காக ஊதியது. அதைக் கட்டிவைத்த பிறகு அதற்குக் கிடைத்த முதல் வேலை அதுதான். நல்லதற்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதற்குக் கேள்விப்பட்டாலே போக வேண்டும். பேரலை கேள்விப்பட்டு வந்தது.

துக்கத்துக்கு ஆர்ப்பாட்டமாக வரக் கூடாது என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது. தெருமுனையிலேயே தன்னைக் குறைத்துக்கொண்டு, கணுக்கால் அளவில் நடந்து வந்தது. ஆண்கள் பக்கம் பெஞ்சில் இடம் விட்டார்கள். கூட வந்த ஒரு குட்டி அலை நாற்காலிகளுக்கு நடுவே ஓடி ஓடி விளையாடியது. "ஏ, இங்க வா, சும்மா உக்காரு" என்று ஆளாளுக்கு அதை அதட்டினார்கள். பேரலைக்குக் கடுங்காப்பி கொடுத்தார்கள். தம்ளர் திரும்பி வந்தபோது காப்பி கொஞ்சம் உப்புக் கரித்தது.

கடைசி வரிசையில் அமிர்தலிங்கம் உட்கார்ந்திருந்தார். அலையோடு போனவர் அலையோடு வந்திருந்தார். அதே நீலக் கைலி. மாலை போட்ட தன் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். யார் வீட்டுத் துக்கமானாலும் மனசு கேட்காத மனிதர்.

தையல்நாயகி அவருக்கும் ஒரு தம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ரொம்ப எளச்சுட்டீங்க" என்றாள்.

அவர் பதில் சொல்வதற்குள் பேரலை ஆமாம் என்று தலையாட்டியது. தன்னைத்தான் சொல்கிறாள் என்று அது நினைத்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் அலை எழுந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் திரும்பி நடந்தது. அமிர்தலிங்கமும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவரும் முறை தெரிந்தவர், சொல்லிக்கொள்ளவில்லை.

வாங்க என்று சொன்னால் அலையும் மறுபடி வந்துவிடும். சொல்லாவிட்டால் அவர் இனி வரவே மாட்டார். வைரக்கண்ணு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டு வா" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவரை ஒருமுறைகூட அவள் அப்படிச் சொன்னதில்லை. அலை நிற்கவில்லை. வெளியூர் விருந்தாளியை யாரும் வா என்று சொல்லமாட்டார்கள் என்பது அதற்குத் தெரியும். அமிர்தலிங்கம் மட்டும் திரும்பிப் பார்த்தார். புது மாப்பிள்ளைபோல் வெட்கப்பட்டார். பிறகு அலையோடு போனார்.

கடல் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள், படகுகள் மேட்டிலிருந்து இறங்கின. பந்தலைப் பிரித்த பிறகும் தையல்நாயகி அவருக்கும் சேர்த்தே உலை வைத்தாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் அவள் அரிசி போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, வாசலில் அந்தக் குட்டி அலை முழங்கால் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. ஊரெல்லாம் அதை வா, போ என்றே அழைத்ததால், அன்று தன்னைத்தான் சொன்னாள் என்று வந்திருந்தது. வழி தெரியாமல் போய்விடக் கூடாது என்று அமிர்தலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் கைலியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

தூரத்தில் பேரலை காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. நாக்கு நுனிவரை வந்த மரியாதையை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் காலத் தொடச்சிட்டு உள்ள வா" என்றாள்.

அவருக்கான அரிசி ஏற்கெனவே உலையில் இருந்தது. அலைக்கு இன்னொரு பிடி போட்டாள்.