சலங்கை கொடுக்கும் கை

நேசமலர் ரீச்சர் வைத்த தேத்தண்ணியைச் சறோஜினி தொடவேயில்லை. மகள் யதுஷாவின் அரங்கேற்ற அழைப்பிதழின் மாதிரியை மேசையில் விரித்து ஒரு வரியைக் காட்டினாள். சலங்கை வழங்குபவர் என்ற இடத்தில் வேறொருத்தியின் பெயர் இருந்தது.

"குறை நினையாதேங்கோ ரீச்சர். சலங்கையை என்ர மச்சாள் எடுத்துக் குடுக்கட்டும். லண்டனிலயிருந்து இதுக்கெண்டே வாறா. நட்டுவாங்கம் நீங்கள்தான்."

நேசமலருக்குச் சுருக்கென்றது. முப்பத்தைந்து வருடமாக, வெள்ளவத்தையில் அவள் தொடங்கிய நடனப் பள்ளியில் பழகிய ஒவ்வொரு பிள்ளையும் அவள் கையால் சலங்கை வாங்கித்தான் மேடையேறியது. குரு கொடுப்பதுதான் முறை.

"தாளம் போட என்ர கை நல்லம். சலங்கை குடுக்க மட்டும் கூடாதோ?"

"உங்கட சேர் மோசம்போய் அஞ்சு மாதம்தானே..."

"வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடிஞ்சாப்பிறகு குடுக்கலாமோ?"

சறோஜினி சுவரில் மாலையிட்டிருந்த நேசமலரின் கணவர் படத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "நான் புதுசா ஒண்டும் கேக்கேல்ல ரீச்சர். ரூபிகாவின்ர அரங்கேற்றத்தில அவவின்ர தாய் விளக்குக் கொளுத்த வர, நீங்கள்தானே கையைப் பிடிச்சு இறக்கிவிட்டனீங்கள்? நான் முன்னுக்குத்தான் இருந்தனான்."

 பேலியகொடையில் மீன் விற்கும் பெண்களை மீன்காரி நடனமாகப் பரதத்துக்குள் கொண்டுவந்து, 'மேடை நாறுது' என்று பெரியவர்கள் முகம் சுளித்தபோது சிரித்தவள் நேசமலர். ஆண்பிள்ளைகளுக்குச் சலங்கை கட்டிவிட்டு ஊர்வாயில் விழுந்து எழும்பியவள். அத்தனையையும் உடைத்தவள், தாலியில்லாத கழுத்து விளக்கடிக்கு வரக்கூடாது என்பதை மட்டும் பத்திரமாகக் காத்து வைத்திருந்தாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

பின்னேரமே ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். ரூபிகாவின் தாய் கோமளவல்லி கதிரையை இழுத்துப் போட்டாள். நேசமலர் உட்காராமலே மன்னிப்புக் கேட்டாள்.

"நாலு வருசமாச்சு டீச்சர்," என்றாள் கோமளவல்லி. குரலில் கோபம்கூட இல்லை. "ஒங்களுக்கு நடந்த பொறகுதானே என் வீட்டுக்கு வழி தெரிஞ்சிச்சு?"

 இருந்தாலும் நேசமலர், யதுஷாவின் அரங்கேற்றத்தில் விளக்கேற்ற வரும்படி கேட்டாள். கோமளவல்லி கதிரையைத் திரும்பச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

இரவே சறோஜினிக்குப் போன் எடுத்தாள் நேசமலர். "விளக்கைக் கோமளவல்லி கொளுத்துவா. சலங்கை நான் குடுப்பன். ஓம் எண்டால் கார்ட்டை அடியுங்கோ."

"அப்ப நாங்கள் வேற ரீச்சரைப் பாக்கிறம்."

பார்த்தார்கள். அரங்கேற்றத்தில் யதுஷா ஆடிய மீன்காரி நடனத்துக்கு மண்டபமே எழுந்து நின்று கைதட்டியதாம். அதை அமைத்தவள் பெயரை ஒருவரும் சொல்லவில்லையாம்.

அடுத்த விஜயதசமிக்குப் பள்ளியில் கோமளவல்லி விளக்கேற்றினாள். புதுப்பிள்ளைகளுக்கு அன்றுதான் முதல் அடவு. கதவடியில் நின்ற தாய்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, "பிள்ளைக்குக் காய்ச்சல் மாதிரிக் கிடக்கு," என்றாள். சற்று நேரத்தில் பாதிச் செருப்புகள் வாசலில் இல்லை.

நேசமலர் யாரையும் மறிக்கவில்லை.  மிஞ்சிய ஒன்பது பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தினாள். வகுப்பு நாலரைக்கு என்று சொல்லியிருந்தாள். சரியாக நாலரைக்குத் தாளம் போடும் தட்டுக்கழியை எடுத்தாள்.